வேலூர்க் கோட்டை: எங்கே தொடங்கி, எந்த வரிசையில் பார்ப்பது

வேலூர்க் கோட்டைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வாசலுக்குள் நுழைந்ததும் நேரே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போகிறார்கள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, அகழிக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். கோயிலைப் பார்த்திருப்பார்கள், கோட்டையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

133 ஏக்கர் பரப்புள்ள இடம் இது. நாயக்கர், விஜயநகர அரச குடும்பம், பீஜப்பூர் சுல்தான்கள், மராட்டியர், முகலாயர், ஆற்காட்டு நவாப், கிழக்கிந்தியக் கம்பெனி என்று கைமாறிக்கொண்டே வந்ததால் ஒரு காலத்துக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு காலத்துக் கட்டடம் நிற்கிறது. வரிசை தெரியாமல் நடந்தால் எல்லாம் குழம்பிப்போகும். ஆகவே வெளியிலிருந்து உள்ளே, கீழிருந்து மேலே, பிறகு கட்டடங்கள், கடைசியில் கல்லறைகள் என்று போகவும். இந்த வரிசையில் பார்த்தால் காலமும் ஏறக்குறைய ஒழுங்காகவே நகரும்.

## 1. கிளம்பும் முன் ஐந்து ஆண்டுகள் மனதில் இருக்கட்டும்

உள்ளே உள்ள பலகைகளை நம்பி வந்தால் போதாது. அவற்றில் பெயரும் ஆண்டும் இருக்கும், எதற்குப் பின் எது என்ற தொடர்ச்சி இருக்காது. கீழே உள்ள ஐந்தையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

1566 வாக்கில்: விஜயநகரப் பேரரசர் சதாசிவராயரின் கீழ் இருந்த சின்ன பொம்மி நாயக்கர் காலத்துக் கோட்டை. மதில், அகழி, கோயில் எல்லாவற்றுக்கும் தொடக்கம் இங்கேதான்.

1614: விஜயநகரப் பேரரசர் இரண்டாம் வேங்கடர் இறந்ததும் வாரிசுச் சண்டை மூண்டது. அடுத்து பட்டம் ஏறிய ஸ்ரீரங்கரும் அவர் குடும்பமும் வேலூரில் வைத்துக் கொல்லப்பட்டார்கள்.

1677–78: மராட்டியர் முற்றுகை. 14 மாதங்கள் நீடித்தது.

1799: ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் இறந்த பிறகு, அவர் குடும்பம் இங்கே காவலில் வைக்கப்பட்டது.

1806 ஜூலை 10: சிப்பாய்களின் எழுச்சி.

முதலாவதும் மூன்றாவதும் வெளியிலிருந்து தாக்குகிறவனைத் தடுக்கும் கோட்டையின் கதை. மற்ற மூன்றும் உள்ளே இருப்பவரை வெளியே விடாத சிறையின் கதை. இந்தப் பிரிவு மனதில் இருந்தால், மதிலைப் பார்க்கும்போது எந்தக் காலத்தை நினைப்பது, மகால்களைப் பார்க்கும்போது எதை நினைப்பது என்பதில் குழப்பம் வராது.

## 2. நாளைத் தேர்ந்தெடுப்பது

வெள்ளிக்கிழமை வேண்டாம். அன்று அரசு அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, கோயிலிலோ கூட்டம். இரண்டாம் சனிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களும் அருங்காட்சியகம் மூடியிருக்கும். விடுமுறை நாளில்தானே வெளியூர்க்காரர்கள் வர முடியும் என்பதால், அதிகம் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பிரதோஷம், சிவராத்திரி நாட்களில் கோயில் மண்டபத்தின் தூண்களைப் பக்கத்தில் நின்று பார்க்க இயலாது.

மாதம் என்றால் நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு அகழியில் தண்ணீர் நிறைந்திருக்கும், வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும். மே மாதத்து வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் கருங்கல் மதில்மேல் நடப்பது வீம்பு.

காலை ஏழு மணிக்கு அகழிக்கரையில் இருப்பது போல் திட்டமிடுங்கள். கோட்டையின் முகப்பு கிழக்குப் பக்கம். காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், வெளிச்சம் மதில்மேல் நேராக விழுந்து கல்லின் ஒவ்வொரு இணைப்பும் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் மதில் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். படம் நன்றாக வரவில்லை என்று குறைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மாலையில் வந்தவர்கள்.

மொத்தம் ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். கோயில் நண்பகலில் நடை சாத்தப்படும் என்பதால் 10 மணிக்குள் கோயிலுக்குள் இருக்க வேண்டும். அருங்காட்சியகம் திறப்பது 9.30-க்கு. இந்த இரண்டு நேரங்களையும் வைத்துத்தான் மற்றவற்றை அடுக்க வேண்டும்.

## 3. கையில் என்ன வேண்டும்

ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, எளிதில் கழற்றக்கூடிய செருப்பு. ஷூ போட்டு வருகிறவர்கள் ஒரு ஜோடி காலுறையை மறக்க வேண்டாம். கோயிலின் வெளிப்பிராகாரம் திறந்த கல்தளம், பத்தரை மணிக்கே சுடத் தொடங்கிவிடும்.

சிறிய டார்ச் அவசியம். கைப்பேசி வெளிச்சம் பரவலாக விழுவதால் செதுக்கல் தட்டையாகத் தெரியும். குறுகலான ஒளிக்கற்றையைப் பக்கவாட்டிலிருந்து அடித்தால்தான் தூண் சிற்பத்தின் ஆழம் புலப்படும்.

இது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். கைப்பேசியில் படம் எடுப்பதற்குத் தடையில்லை. முக்காலி, டிரோன் போன்றவற்றுக்கு முன் அனுமதி தேவை. கோயில் கருவறைப் பக்கம் கேமராவை உறைக்குள் வைத்துவிடுங்கள்.

## 4. வந்து சேர்தல்

ரயிலில் வருகிறவர்கள் காட்பாடி சந்திப்பில் இறங்கலாம். அங்கிருந்து பாகாயம் பக்கம் போகும் டவுன் பஸ் ஏறி பழைய பேருந்து நிலையத்தில் இறங்கினால், கோட்டை கண்ணெதிரே. புதிய பேருந்து நிலையத்தில் இறங்கிவிட்டு அங்கிருந்தே நடக்கத் தொடங்குவது புதியவர்கள் செய்யும் தவறு. அங்கிருந்து இன்னொரு பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும்.

கோட்டைக்குள் நுழையக் கட்டணம் இல்லை. அருங்காட்சியகத்துக்குச் சிறிய கட்டணம் உண்டு, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

## 5. முதலில் அகழி, உள்ளே போக அவசரம் வேண்டாம்

கிழக்குப் பக்கப் பூங்காவை ஒட்டி நின்று, அகழியைத் தாண்டி மதிலைப் பாருங்கள். இங்கே அரை மணி நேரம் செலவிடுவது வீணல்ல. கோட்டை யாருக்காகக் கட்டப்பட்டதோ, அந்த ஆள் நின்ற இடம் இதுதான். தாக்க வந்தவனின் கண்ணால் பார்க்காமல் தற்காப்பு புரியாது.

அகழியின் அகலத்தைச் சுமார் 190 அடி, ஆழத்தை 29 அடி என்று சொல்வார்கள். எல்லாப் பக்கமும் ஒரே அளவு இல்லை என்பது பார்த்தாலே தெரியும். இந்த அகலம் அழகுக்காக வந்ததல்ல. ஏணியைச் சாய்க்க முடியாது. மரத்தை வெட்டிப் போட்டுப் பாலம் கட்ட முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, மதிலின் அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைக்க முடியாது. தோண்டினால் தண்ணீர் பாய்ந்துவிடும். வெடிமருந்து புழக்கத்துக்கு வந்துவிட்ட 16-ம் நூற்றாண்டில் கோட்டைக்காரனின் பெரிய கவலை இந்தச் சுரங்கம்தான்.

அந்தக் காலத்தில் சூரியகுண்டா நீர்த்தேக்கத்திலிருந்து நிலத்தடிக் குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது. 10,000 முதலைகள் விட்டிருந்தார்கள் என்று வழிகாட்டிகள் எல்லாரும் சொல்வார்கள். முதலை விட்டிருக்கலாம். எண்ணிக்கையை மட்டும் நம்பிவிடாதீர்கள். அத்தனை முதலைகளுக்குத் தினமும் தீனி போடுவது எப்படி என்று ஒரு நிமிடம் யோசித்தாலே போதும்.

இனி மதிலை அடுக்கடுக்காகப் பிரித்துப் பாருங்கள். தண்ணீரை ஒட்டி ஒரு தாழ்ந்த புறமதில். அதற்குப் பின்னால் உயர்ந்த உள்மதில். இரண்டுக்கும் இடையே காவலர் நடக்க இடம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒட்டி ஒரே சுவராகத் தெரியும், பலர் அப்படியே நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கரையோரமாக ஐம்பது அடி நடந்து, ஒரு மூலையிலிருந்து சாய்வாகப் பாருங்கள். இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும்.

அடுத்து கொத்தளங்கள். மதில் நேர்கோட்டில் போகாமல், அங்கங்கே வட்டமாகவும் சதுரமாகவும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். நேர்ச்சுவரின் அடியில் ஒட்டி நிற்பவனை, அதன் உச்சியில் நிற்பவன் பார்க்கவே முடியாது. எட்டிப் பார்த்தால் தலை போய்விடும். துருத்திய கொத்தளத்தில் நிற்பவனுக்கோ பக்கத்துச் சுவரின் அடிவாரம் முழுவதும் பக்கவாட்டில் தெரியும். ஒரு கொத்தளத்தைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து எந்தச் சுவரின் அடி தெரியும், எது தெரியாது என்று விரலால் கோடிழுத்துப் பாருங்கள். ஏறக்குறைய மறைவிடமே இல்லாமல் கட்டியிருப்பது விளங்கும்.

கல்லையும் செங்கல்லையும் பிரித்தறிவது கடைசி வேலை. உடல் பகுதி பெரிய கருங்கற்கள். உச்சியில் வரிசையாக நிற்கும் வளைந்த தலைகளில் பல இடங்களில் செங்கல்லும் சுண்ணாம்பும் தெரியும். சங்கப் பாடல்களில் ஞாயில் என்று வருவது இந்த உறுப்புதான். எளிதில் சிதைவதும் பழுதுபார்க்கப்படுவதும் உச்சிப்பகுதியே. ஆகவே மேலே உள்ளதை வைத்து முழு மதிலின் வயதையும் கணிக்கக் கூடாது.

## 6. வாசல்: நேராக இல்லாத பாதை

முன்பு கோட்டைக்கு ஒரே ஒரு நுழைவுதான், அதுவும் இழுவைப் பாலம் வழியாக. இன்று தார்ச்சாலை போகிறது. வண்டியில் வந்தால் அரை நிமிடத்தில் கடந்துவிடுவீர்கள், அதனால் இந்தப் பகுதியை நடந்தே கடக்கவும்.

பாதை நேரே உள்ளே போகாமல் திரும்பிப் போவதைக் கவனியுங்கள். நேர்ப்பாதையாக இருந்தால் யானையோ குதிரையோ ஓட்டமெடுத்து வந்து கதவில் மோதலாம், பீரங்கிக் குண்டும் தடையில்லாமல் உள்ளே பாயும். திரும்ப வேண்டியிருந்தால் வேகம் போய்விடும், திரும்பும் நேரத்தில் பக்கவாட்டு மதிலிலிருந்து அடி விழும்.

ஒன்றன்பின் ஒன்றாகப் பல கதவுகள் இருந்தன என்பதை நினைவில் வையுங்கள். 1806-ல் நடந்ததைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும்.

## 7. மதில்மேல் ஏறி, கிழக்கே திரும்புங்கள்

உள்ளே வந்ததும் கோயிலுக்குப் போகாமல், திறந்திருக்கும் சரிவு வழியாக மதில்மேல் ஏறுங்கள். எல்லாப் பகுதியும் நடக்க அனுமதிக்கப்பட்டதல்ல. கம்பி கட்டியிருந்தாலோ காவலர் தடுத்தாலோ திரும்பிவிடவும். கைப்பிடிச்சுவர் மீது உட்கார்ந்து படம் எடுப்பது வேண்டாம். பழைய சுண்ணாம்புக் கட்டு எப்போது உதிரும் என்று யாரும் சொல்ல முடியாது, கீழே இருப்பது அகழி.

மேலே நின்று எல்லாரும் உள்பக்கத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் கிழக்கே மலைகளைப் பாருங்கள். கோட்டையின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. எத்தனை அகலமான அகழி இருந்தாலும், அந்த மலைமேல் பீரங்கியை ஏற்றிவிட்டால் கோட்டையின் உள்ளங்கை வரை தெரியும்.

1677-ல் சிவாஜியின் படைகள் செய்தது இதைத்தான். சஜ்ஜரா, கோஜரா என்று பெயரிட்ட இரண்டு குன்றுகளில் பீரங்கி நிறுத்தினார்கள். ஊர்க்காரர்கள் இன்று சஜ்ஜாராவ், குஜ்ஜாராவ் மலைக்கோட்டை என்கிறார்கள். மூன்றாவது குன்றின் பெயர் முர்த்தசாகர். அப்படியும் பீஜப்பூர்த் தரப்பின் அப்துல்லா கான் 14 மாதம் தாக்குப்பிடித்துத்தான் 1678-ல் கோட்டையை ஒப்படைத்தார். அகழி எவ்வளவு பயன்பட்டது என்பதற்கு அந்த 14 மாதமே கணக்கு.

ஒரு நூற்றாண்டு கழித்து, 1780 முதல் 1782 வரை ஹைதர் அலியின் முற்றுகையைக் கம்பெனிப் படை இதே கோட்டையிலிருந்து சமாளித்தது. அப்போதும் மலைகளைக் கைவிடாமல் வைத்திருந்ததுதான் முக்கியக் காரணம். வேலூரைப் பிடிக்க நினைத்தவன் மலையைப் பிடித்தான். காக்க நினைத்தவனும் மலையைத்தான் காத்தான்.

மலைக்கோட்டைகளுக்கு அதே நாளில் ஏறித் திரும்பலாம் என்று திட்டமிடாதீர்கள். அதற்குத் தனி நாள் வேண்டும், விடியற்காலையில் தொடங்க வேண்டும், உள்ளூர்த் துணையும் வேண்டும்.

## 8. ஜலகண்டேஸ்வரர் கோயில்: தரையும் கூரையும்

கோட்டையின் வடபகுதியில் கோயில். ஏழுநிலைக் கோபுரம் தெற்கு நோக்கியது. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம், வெளிப்பிராகாரத்தின் தென்மேற்கு மூலையில் கல்யாண மண்டபம். சாமி கும்பிட வந்தவர்கள் முதலில் கருவறைக்குப் போய்விட்டு வாருங்கள், ஏனென்றால் மண்டபத்தில் நேரம் போவது தெரியாது. சிற்பம் பார்க்க மட்டும் வந்தவர்கள் நேரே மண்டபத்துக்குப் போகலாம்.

மண்டபத்தின் முன்வரிசைத் தூண்களில் பாயும் குதிரைகளும் யாளிகளும். தூரத்தில் நின்று பிரமிப்பது போதாது. ஒரே ஒரு தூணைத் தேர்ந்தெடுத்து, கீழிருந்து மேலாக டார்ச் அடித்துப் பத்து நிமிடம் பாருங்கள். குதிரையின் வயிற்றுக்கும் தூணுக்கும் இடையே கல் குடையப்பட்டு இடைவெளி இருக்கும். குளம்புக்குக் கீழே ஆள் இருப்பான், வேலோ கேடயமோ இருக்கும். வீரனின் கால் அங்கவடியில் எப்படிப் பொருந்தியிருக்கிறது, கடிவாளம் எந்தக் கையில் என்பதெல்லாம் தெரியும். எதுவும் தனியாகச் செய்து ஒட்டியதல்ல. ஒரே கல்லில் குடைந்தது.

பிறகு கழுத்து வலித்தாலும் கூரையைப் பாருங்கள். நடுவில் தாமரை, சுற்றிலும் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். ஒவ்வொரு கிளியும் வேறு வேறு நிலையில். இதைப் பார்க்காமல் வெளியே வருகிறவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இருப்பார்கள், யாரும் மேலே பார்க்கச் சொல்வதில்லை.

கோயிலின் வரலாற்றில் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியச் செய்தி: நீண்ட காலம் இங்கே பூசை கிடையாது. போர்களின் காலத்தில் வழிபாடு நின்று, வளாகம் ஆயுதக் கிடங்காகவும் பயன்பட்டது. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981 மார்ச்சில்தான் திரும்பக் கொண்டுவந்து வைக்கப்பட்டது. கட்டடத்துக்கு வயது நானூறுக்கு மேல், இப்போதைய வழிபாட்டுக்கு நாற்பது சொச்சம். உள்ளே ஒரு பலகையில் 16-ம் நூற்றாண்டும் இன்னொன்றில் 1981-ம் இருந்தால் முரண் என்று நினைக்க வேண்டாம், இரண்டும் சரி.

இந்தக் கல்யாண மண்டபத்தைப் பிரித்து இங்கிலாந்துக்கு அனுப்ப ஏற்பாடு நடந்தது, கப்பல் வராமல் தப்பியது என்ற பேச்சு நெடுங்காலமாக உண்டு. வழிகாட்டி சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், குறிப்பேட்டில் ‘சொல்லப்படுகிறது’ என்று சேர்த்து எழுதுங்கள்.

கோட்டையைக் கட்டிய சின்ன பொம்மியை நேரடியாகப் பற்றிக்கொள்ள ஒரு பிடி வேண்டுமானால், ஆரணிப் பக்கம் அடையபலத்தில் 1582-ம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. வேதாந்த அறிஞர் அப்பைய தீட்சிதரை ஆதரித்து, அவருக்குப் பொற்காசுகளால் கனகாபிஷேகம் செய்தவர் இவர் என்பது அதில் தெரிகிறது. நேரமிருந்தால் இன்னொரு நாளைக்கு.

ஜலகண்டேஸ்வரர் என்ற பெயரில் ஜலம் சும்மா வரவில்லை. அகழியும் கோயில் தளமும் மட்டத்தில் நெருங்கியவை. 2021 கனமழையில் அகழி நிரம்பி, கோயிலுக்குள் தண்ணீர் புகுந்து நின்றது. பெருமழைக்கு அடுத்த வாரம் வருகிறவர்கள் கோயில் நிலையை விசாரித்துக்கொண்டு கிளம்பவும்.

## 9. 1806 ஜூலை 10: நடந்தபடியே படிப்பது

இதை அறைக்குள் உட்கார்ந்து படிப்பதைவிட, கோட்டை நடுவே உள்ள திறந்தவெளியில் நின்று படிப்பது நல்லது. முதலில் ஒரு எச்சரிக்கை. கண்ணெதிரே தெரியும் புனித ஜான் தேவாலயத்தை அந்த நாளின் காட்சிக்குள் வைக்காதீர்கள். அது 1846-ல் வந்தது. 40 ஆண்டு பிந்தியது.

காரணம்: கம்பெனியின் மதராஸ் படைக்கு வந்த புதிய ஒழுங்கு. நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடி மழிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும். தோல் எந்த மிருகத்துடையதோ என்ற சந்தேகம் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் சேர்ந்தே வந்தது. மே மாதமே வேலூரில் எதிர்ப்பு எழுந்து, இரண்டு பேருக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. தலைமைத் தளபதி ஜான் கிரடாக், சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்க். இதே பெண்டிங்க்தான் பிற்காலத்தில் தலைமை ஆளுநர் ஆனவர். இரண்டு பதவியையும் குழப்பிக்கொள்வது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

இடம்: கோட்டைக்குள் அப்போது 69-ம் ரெஜிமெண்டின் நான்கு சிறு படைப்பிரிவு வெள்ளைக்காரச் சிப்பாய்கள். இந்தியர் தரப்பில் மூன்று பட்டாளங்கள்: முதல் ரெஜிமெண்டின் இரண்டு, 23-ம் ரெஜிமெண்டின் இரண்டாவது பட்டாளம். முந்தின நாள், ஜூலை 9, திப்புவின் மகள் திருமணம் மகாலில் நடந்தது. சிப்பாய்கள் கோட்டைக்குள் திரள அது மறைப்பானது.

நடந்தது: பின்னிரவு இரண்டு மணிக்குமேல் தாக்குதல் தொடங்கியது. தூங்கிக்கொண்டிருந்த 69-ம் ரெஜிமெண்ட்காரர்களில் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். கோட்டைத் தளபதி பான்கோர்ட்டும் கொல்லப்பட்டார். விடிவதற்குள் மைசூர்க் கொடி ஏறிவிட்டது. அதற்குப் பிறகுதான் தவறு நடந்தது. பலர் கொள்ளையில் இறங்கினார்கள். வெளிக்கதவுகளைச் சாத்தவில்லை.

இப்போது ஆறாம் பகுதியில் பார்த்த வாசலுக்கு மனதளவில் திரும்புங்கள். கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த ஓர் அதிகாரி ஆற்காட்டுக்குச் செய்தி கொண்டுபோனார். சுமார் 25 கிலோமீட்டர். அங்கிருந்து ஆங்கிலேயக் குதிரைப்படைத் தளபதி கில்லெஸ்பி தன் படையோடு காலையிலேயே வந்துவிட்டார். முதல் இரண்டு கதவுகள் திறந்தே கிடந்தன. மூன்றாவதை, மதில்மேல் எஞ்சியிருந்த 69-ம் ரெஜிமெண்ட்காரர்கள் கீழே இறங்கித் திறந்துவிட்டார்கள். கில்லெஸ்பி கயிற்றைப் பிடித்து மதில் ஏறினார். கடைசிக் கதவு, பின்னால் வந்த குதிரைப் பீரங்கிகளால் உடைக்கப்பட்டது. நான்கு கதவும் சாத்தியிருந்து இழுவைப் பாலமும் தூக்கியிருந்தால், குதிரைப்படையால் அகழியின் அக்கரையில் நிற்பதைத் தவிர என்ன செய்திருக்க முடியும்? 14 மாதம் தாங்கிய வாசல், அரை நாள்கூடத் தாங்காததன் காரணம் கல்லில் இல்லை.

பின்விளைவு: நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். சுமார் 350 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண். நூலுக்கு நூல் மாறும். மூன்று பட்டாளங்களும் கலைக்கப்பட்டன. உடை ஒழுங்கு கைவிடப்பட்டது. கிரடாக்கும் பெண்டிங்க்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

## 10. மகால்கள்: பெயரைப் பார்த்துக் கட்டியவரைச் சொல்லாதீர்கள்

ஹைதர் மகால், திப்பு மகால், பேகம் மகால், கண்டி மகால், பாதுஷா மகால் என்று பெயர்கள். திப்பு வேலூரில் அரண்மனை கட்டினார் என்று வீட்டுக்குப் போய்ச் சொல்கிறவர்கள் உண்டு. திப்பு இங்கே ஆளவும் இல்லை, வாழவும் இல்லை. அவர் இறந்த பிறகு குடும்பம் காவலில் இருந்த கட்டடங்கள் இவை. கண்டி மகாலும் அப்படியே, இலங்கையின் கடைசி அரசர் சிறையிருந்த இடம்.

இந்தக் கட்டடங்கள் பின்னாளில் அலுவலகமாகவும் காவலர் பயிற்சிக்கும் பயன்பட்டன. எல்லாவற்றிலும் நுழைய முடியாது. வெளியிலிருந்து பார்ப்பதே பெரும்பாலும் கிடைக்கும். கோட்டைக்குள் உள்ள மசூதியில் தொழுகை அனுமதி இல்லை, வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

இங்கேயே 1614-ஐயும் நினைத்துக்கொள்ளலாம். கொல்லப்பட்ட ஸ்ரீரங்கரின் மகன்களில் ராமதேவர் என்ற சிறுவன் மட்டும் தப்பினான். ஸ்ரீரங்கர் தரப்பில் நின்ற யாசம நாயக்கர் ஏற்பாட்டில், ஒரு சலவைக்காரர் துணிமூட்டைக்குள் வைத்து வெளியே கொண்டுபோனார் என்று அக்கால ஏசு சபைக் கடிதம் சொல்கிறது. அந்தச் சிறுவன்தான் பிறகு பேரரசன். கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரம் வரை சுரங்கப்பாதை உண்டாமே என்று கேட்கிறவர்களிடம், தப்பியவன் போனது வாசல் வழியாகத்தான் என்று சொல்லலாம்.

## 11. அருங்காட்சியகம், முக்கால் மணி நேரம்

மதிய வெயிலுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். எல்லா அலமாரியையும் பார்க்க முயன்றால் எதுவும் நிற்காது. இரண்டைத் தேடுங்கள்: வேலூர் வட்டாரத்தில் கிடைத்த, உணர்கொம்பு போன்ற பிடியுள்ள வெண்கல வாள், கி.மு. 400 வாக்கிலானது; பிறகு, கண்டி அரசர் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகை. முதலாவது, கோட்டைக்கு இரண்டாயிரம் ஆண்டு முன்பே இந்த மண்ணில் ஆள் இருந்ததைக் காட்டும். இரண்டாவதை நன்றாகப் பார்த்துவிட்டுப் போங்கள், அடுத்த இடத்தில் தேவைப்படும்.

## 12. வெளியே: நினைவுத் தூணும் முத்து மண்டபமும்

மக்கான் சந்திப்பில் 1806-ல் இறந்த சிப்பாய்களுக்கு நினைவுத் தூண் இருக்கிறது. போக்குவரத்து நெரிசலுக்கு நடுவே இருப்பதால், சாலையைக் கடக்கும்போது கவனம்.

அங்கிருந்து ஆட்டோ பிடித்துப் பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்குப் போங்கள். கோட்டையிலிருந்து அதிகத் தூரம் இல்லை. ‘முத்து மண்டபம்’ என்று மட்டும் சொன்னால் சில ஓட்டுநர்களுக்குப் பிடிபடாது. கண்டி ராஜா சமாதி என்று சேர்த்துச் சொல்லவும், போகவும் வரவும் சேர்த்தே கூலி பேசவும். காத்திருக்கச் சொல்லாமல் இறங்கினால் திரும்பி வண்டி கிடைப்பது கடினம்.

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், பிறந்த பெயர் கண்ணுசாமி, கண்டியை ஆண்ட நாயக்கர் மரபின் கடைசி அரசர். 1815-ல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, 1816 முதல் குடும்பத்தோடு இந்தக் கோட்டையில் காவலில் இருந்து, 1832 ஜனவரி 30 அன்று இறந்தார். 16 ஆண்டு. மண்டபத்தைத் தமிழ்நாடு அரசு 1990-ல் கட்டியது.

மண்டபத்துக்குள் அதிக நேரம் ஆகாது. கல்லறையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஆற்றைப் பாருங்கள், பெரும்பாலும் மணல்தான் தெரியும். பழைய பேருந்து நிலையத்துக்குத் திரும்ப ஆட்டோவுக்குப் பத்து நிமிடம் ஆகும். மாலை ஐந்து மணிக்குமேல் என்றால் இருபது.